யம் சா

யம் சா என்பது தென்சீனாவின் கண்டோனீய மொழி பேசும் மக்கள், நண்பர்களுடனோ குடும்பத்தாருடனோ உணவகத்தில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, தேநீர் அருந்தியபடி திம் சம் எனப்படும் சிற்றுணவுகளைப் பகிர்ந்து உண்ணும் வழக்கம் ஆகும். பெரும்பாலும் விடியற்காலை முதல் பிற்பகல் வரையிலான நேரத்தில் இது நடைபெறும். சீனாவின் குவாங்தொங் மாகாணத் தலைநகரான குவாங்சௌவில் வளர்ந்த இவ்வழக்கம், இன்று ஹொங்கொங், மக்காவு ஆகிய இடங்களில் அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாக உள்ளது. கண்டோனீயர் குடியேறிய சிங்கப்பூர், சிட்னி, வான்கூவர், சான் பிரான்சிசுக்கோ, இலண்டன் போன்ற நகரங்களிலும் இது காணப்படுகின்றது. இக்கட்டுரை பெரும்பாலும் ஹொங்கொங்கில் நிலவும் வழக்கத்தையே விவரிக்கின்றது.

பெயர்

கண்டோனீய மொழியில் "யம்" என்பது குடித்தலையும் "சா" என்பது தேநீரையும் குறிக்கும். எனவே "யம் சா" என்பதன் நேர்ப்பொருள் "தேநீர் குடித்தல்" என்பதே. "திம் சம்" என்பதற்கு "இதயத்தைத் தொடுதல்" எனச் சொல்வழிப் பொருள் கூறுவர். யம் சா என்பது செயல். திம் சம் என்பது அப்போது உண்ணப்படும் உணவு. இவ்வேறுபாடு வெளிநாடுகளில் மங்கிவிட்டது. ஆசுத்திரேலியாவில் இவ்விருந்தை "யம் சா" என்றே அழைக்க, வட அமெரிக்காவில் "திம் சம்" என்னும் பெயரே நிலைத்துவிட்டது.

"சா" என்னும் சொல் தமிழருக்கும் முற்றிலும் அந்நியமானதன்று. உலக மொழிகளில் தேநீருக்கு வழங்கும் பெயர்களிற் பெரும்பாலானவை, ஒரே சீனச் சொல்லின் இரு வட்டார ஒலிப்புகளான "சா", "தே" என்பவற்றிலிருந்து தோன்றியவை. முன்னையதன் வழியே "சாயா", "சாய்" முதலியனவும், புக்கியன் பகுதியின் "தே" என்பதன் வழியே தமிழின் "தேயிலை", "தேநீர்" என்பவற்றின் முற்பகுதியும் வந்தன.

ஹொங்கொங் மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் விடைபெறும்போது "தக் ஹான் யம் சா" என்பர். "நேரம் கிடைக்கும்போது யம் சா போவோம்" என்பது இதன் பொருள். ஆயினும் இது எப்போதும் உண்மையான அழைப்பன்று. "பிறகு பார்ப்போம்" என்பது போன்ற உபசார வார்த்தையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகின்றது. நாள், இடம், நேரம் ஆகியவற்றையும் சேர்த்துக் கூறினால் மட்டுமே அதனை அழைப்பாகக் கொள்ளலாம். புதிதாக ஹொங்கொங் வருவோர் இதனை அறியாமல் அழைப்புக்காகக் காத்திருப்பதுண்டு.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குவாங்சௌவில் "யி லெய் குன்" எனப்பட்ட எளிய தேநீர்க் கொட்டகைகள் இருந்தன. தேநீரின் விலை இரண்டு லெய் (மிகச் சிறிய நாணய அளவு) என்பதால் இப்பெயர் ஏற்பட்டது. மரப்பலகையும் முக்காலியுமே இருந்த அவ்விடங்களில் உடலுழைப்பாளர் இளைப்பாறினர். பின்னர் "சா லாவ்" எனப்படும் மாடி கொண்ட தேநீர் இல்லங்கள் தோன்றின. பணம் உள்ளவர் மாடிக்கு ஏறுவர், இல்லாதவர் தரையிற் குந்துவர் என்னும் கருத்துடைய கண்டோனீயப் பழமொழி அக்காலத்தைச் சேர்ந்தது. குவாங்சௌவின் தாவ் தாவ் கியூய் 1880 இலும், லின் ஹியோங் 1889 இலும் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற இல்லங்களாகும்.

அன்றைய வாடிக்கையாளர் "யாட் சுங் லியோங் கின்" எனக் கேட்பது வழக்கம். ஒரு மூடிக் கிண்ணத்தில் தேநீரும் இரண்டு பலகாரமும் என்பது இதன் பொருள். இன்று மேசை நிறையக் கூடைகள் அடுக்கப்பட்டாலும் யம் சாவைக் குறிக்க இச்சொற்றொடர் இன்னும் பயன்படுகின்றது.

1920களில் தேநீர் இல்லங்களிடையே போட்டி மிகுந்தது. வாரந்தோறும் பலகாரப் பட்டியலை மாற்றும் முறை அப்போது பரவியது. இன்று முதன்மையாகக் கருதப்படும் பல திம் சம் வகைகள் அப்போட்டியின் விளைவுகளே. ஹொங்கொங்கில் 1933 இல் தொடங்கப்பட்ட லுக் யூ தேநீர் இல்லம் அக்கால அமைப்பைப் பெருமளவு பேணி வருகின்றது. தாங் அரசமரபுக் காலத்தில் தேநீரைப் பற்றி நூல் எழுதிய லு யூ என்பவரின் பெயரே அதற்கு இடப்பட்டுள்ளது.

மேசை வழக்கங்கள்

அமர்ந்தவுடன் பணியாளர் கேட்கும் முதற் கேள்வி எத்தனை பேர் என்பதன்று. என்ன தேநீர் என்பதே. நொதிக்கவைத்த கருந்தேயிலையான போ லெய், மல்லிகை மணமூட்டிய ஹியோங் பின், வெண்தேயிலை வகையான சாவ் மெய், திட் குன் யாம் ஆகியன வழமையானவை. போ லெய் தேயிலையுடன் சாமந்திப் பூவைச் சேர்த்தது "குக் போ" ஆகும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் போ லெய் பொருத்தமானது என்பது பொதுக் கருத்து. பாலும் சீனியும் சேர்ப்பதில்லை.

முதலில் ஊற்றப்படும் தேநீர் குடிப்பதற்கன்று. கிண்ணம், கோப்பை, உணவுக் குச்சிகள் ஆகியவற்றை அச்சூடான தேநீரால் அலசி, அந்நீரை மேசையில் வைக்கப்படும் பெரிய கிண்ணத்தில் கொட்டுவர். உணவகங்களின் தூய்மை ஐயத்துக்குரியதாக இருந்த காலத்தில் தோன்றிய இப்பழக்கம், பாத்திரங்கள் இயந்திரத்திற் கழுவப்படும் இன்றும் தொடர்கின்றது. இதனால் கிருமி அழியும் என்பதைவிட, நண்பர்கள் பேச்சைத் தொடங்குவதற்கு இது உதவுகின்றது என்பதே பொருத்தமாகும்.

தன் கோப்பையை நிரப்புமுன் பிறர் கோப்பையை நிரப்ப வேண்டும். மூத்தவருக்கு முதலில் ஊற்றுவர். ஊற்றப்பெற்றவர் வாய் திறந்து நன்றி கூற வேண்டியதில்லை. சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் மெல்லத் தட்டினாற் போதும். சிங் அரசமரபுப் பேரரசர் சியென்லொங் மாறுவேடத்தில் பயணம் செய்தபோது, தேநீர் இல்லமொன்றில் தம் பணியாளருக்குத் தாமே தேநீர் ஊற்றினார் என்றும், மண்டியிட்டு வணங்கினால் அரசர் யாரென வெளிப்படும் என்பதால் பணியாளர் விரல்களை மடக்கி மண்டியிடுவது போலக் காட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆயினும் மேசையில் உரையாடல் தடைப்படாமல் நன்றி கூற இதனினும் எளிய வழி இல்லை.

தேநீர்க் குடுவை காலியானால் பணியாளரைக் கூவி அழைக்க வேண்டியதில்லை. மூடியைச் சற்று விலக்கி வைத்தால் அவர் வந்து வெந்நீர் ஊற்றுவார்.

கூட்டம் மிகுந்த நேரங்களில் முன்பின் அறியாதவர்களும் ஒரே மேசையில் அமர்த்தப்படுவர். இது "தாப் தோய்" எனப்படும். பழைய தேநீர் இல்லங்களில் முதியவர்கள் காலையில் செய்தித்தாளுடன் வந்து, இவ்வாறு பல ஆண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்து பழகிய பின்னும் ஒருவர் பெயரை மற்றவர் அறியாதிருப்பதுண்டு. கூண்டுப் பறவையையும் உடன் கொண்டுவந்து அருகில் தொங்கவிடும் வழக்கமும் முன்பு இருந்தது.

உணவு வகைகளும் பங்கீடும்

ஹா காவ், சியு மாய், சா சியு பாவ், தான் தாட் ஆகிய நான்கும் "நான்கு பெரும் அரசர்கள்" எனச் சிறப்பித்துக் கூறப்படுகின்றன.

ஹா காவ் என்பது இறாலைப் பூரணமாகக் கொண்டு ஆவியில் வேகவைக்கப்படும் பலகாரம். உருவத்தில் நம் கொழுக்கட்டையை நினைவூட்டும். சமையற்காரரின் திறமையை அளக்க இதனையே முதலிற் சுவைப்பர். பசைப்புரதம் நீக்கிய கோதுமை மாப்பொருளைக் கொதிநீரிற் பிசைந்து, கூரற்ற அகன்ற கத்தியின் பக்கத்தால் அழுத்தி வட்டமாக்குவர். தோல் உள்ளிருக்கும் இறாலின் செந்நிறம் தெரியுமளவு மெல்லியதாக இருக்க வேண்டும். ஆயினும் குச்சியால் தூக்கும்போது கிழியக்கூடாது. மடிப்புகள் குறைந்தது ஏழேனும் வேண்டும் என்பர். ஆறிவிட்டால் தோல் இறுகிவிடும் என்பதால், கூடை வந்தவுடன் பேச்சை நிறுத்திவிட்டு உண்பதே முறை.

சியு மாய் பன்றி இறைச்சியும் இறாலும் கலந்து, மேற்புறம் திறந்த நிலையில் மஞ்சள் தோலாற் சுற்றப்படுவது. சா சியு பாவ், இனிப்புச் சாறு பூசி வாட்டிய பன்றி இறைச்சியை உள்ளடக்கிய வெண்ணிற மாவுருண்டை ஆகும். வெந்ததும் உச்சியில் மலர்ந்து வெடித்திருப்பது நல்ல பக்குவத்தின் அடையாளம். தான் தாட் முட்டைக் கூழ் நிரப்பிய சிறு பலகாரம். ஐரோப்பியச் செல்வாக்கால் உருவானது. இவை தவிர அரிசி மாவுக் கரைசலை ஆவியில் வேகவைத்துச் சுருட்டும் சியோங் ஃபன், தாமரை இலையிற் பொதிந்த ஒட்டரிசிச் சோறான லொ மாய் காய், முள்ளங்கியும் அரிசி மாவும் கலந்த லொ பாக் கோ, எள்ளுருண்டை ஆகியனவும் பரவலானவை. கோழிக்கால்களைப் பொரித்து, ஊறவைத்து, நொதித்த கறுப்புச் சோயாவுடன் ஆவியில் வேகவைப்பது "ஃபுங் ஜாவ்", அதாவது "பீனிக்சு நகம்" எனப்படும். வெளிநாட்டு நண்பரை அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் இதனைக் கொண்டே அவரது துணிவைச் சோதிப்பர்.

ஒரு மூங்கிற் கூடையில் மூன்று அல்லது நான்கு துண்டுகளே இருக்கும். இவ்வெண்ணிக்கையே யம் சாவின் இயல்பைத் தீர்மானிக்கின்றது எனலாம். தனியே செல்பவர் இரண்டு கூடைகளிலேயே வயிறு நிறைந்துவிடுவார். பல வகைகளைச் சுவைக்க வேண்டுமெனில் உடன் ஆட்கள் வேண்டும். நால்வர் அமர்ந்தால் கணக்கு எளிது. ஐவர் அமர்ந்து நான்கு துண்டுகள் வந்தால் இன்னொரு கூடை கேட்க வேண்டும், அல்லது யாரேனும் ஒருவர் தமக்குப் பசியில்லை எனக் கூற வேண்டும். கூடையில் எஞ்சும் கடைசித் துண்டைப் பிறர் வற்புறுத்தும் வரை எவரும் எடுப்பதில்லை. சுழல் தட்டு உள்ள மேசையில், ஒருவர் உணவை எடுத்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் தட்டைச் சுழற்றுவது பண்பற்ற செயலாகும்.

தள்ளுவண்டிகள்

தொடக்கத்தில் பணியாளர்கள் பலகாரத் தட்டைக் கழுத்திற் கட்டிய வாரில் தாங்கி, பெயர்களைக் கூவியபடி மேசைகளிடையே நடந்தனர். பின்னர் ஆவி பறக்கும் கூடைகளை அடுக்கிய தள்ளுவண்டிகள் வந்தன. கூடையைத் திறந்து காட்டச் சொல்லி, கண்ணால் கண்ட பின்னரே தேர்ந்தெடுக்க முடிந்ததால், மொழி தெரியாதவருக்கும் இது வசதியாக இருந்தது. எடுத்த கூடைக்கு ஏற்ப மேசையிலுள்ள அட்டையில் சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு எனும் பிரிவுகளுள் ஒன்றில் முத்திரை இடப்படும். அதற்கும் முன்னர் காலித் தட்டுகளை எண்ணியே பணம் கணக்கிடப்பட்டது.

இன்று பெரும்பாலான உணவகங்களில் அச்சிட்ட பட்டியலில் குறியிட்டோ, கைப்பேசி வழியாகவோ உணவு கோரப்படுகின்றது. வண்டிக்கு மேசைகளிடையே அகன்ற வழி வேண்டும். ஹொங்கொங்கின் வாடகையில் அது பெருஞ்செலவு. மேலும், கேட்ட பின்னர் வேகவைத்தால் உணவு சூடாகக் கிடைக்கும், வீணாவதும் குறையும். சுவை நோக்கில் இம்மாற்றம் நன்மையே எனினும், எதிர்பாராத ஒன்றைக் கண்டு "அதையும் எடுப்போமா" என நண்பர்கள் கலந்து முடிவு செய்யும் வாய்ப்பு இதனால் குறைந்துவிட்டது. வண்டிகளுக்குப் பெயர்பெற்ற அட்மிரல்டி பகுதியின் மெட்ரொபோல் உணவகம் 1990 இல் திறக்கப்பட்டு 2025 செப்டம்பரில் மூடப்பட்டது.

பணம் செலுத்துதல்

உணவின் விலையுடன் ஒவ்வொருவருக்கும் தேநீர்க் கட்டணமும், பொதுவாக 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேர்க்கப்படும். வெந்நீர் மட்டும் குடித்தாலும் தேநீர்க் கட்டணம் உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் பல உணவகங்களில் விலை குறைவு.

பட்டியல் வந்ததும் அதனைக் கைப்பற்ற நடக்கும் போட்டி யம் சாவின் இறுதிக் காட்சியாகும். கைகழுவச் செல்வதாகக் கூறி எழுந்து, முன்னரே பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்புவது அனுபவம் மிக்கோர் கையாளும் உத்தி. இளையோரிடையே செலவைச் சமமாகப் பகிரும் "ஏ ஏ" முறை பரவலாகியுள்ளது. மாணவர்கள் மூத்தவர்களுடன் செல்லும்போது இம்முறையை முன்மொழியாதிருப்பது நலம். அது அவர்களைப் புண்படுத்தக்கூடும்.

சைவ, ஹலால் உணவுகள்

சைவ உணவினர் பெயரை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தல் ஆகாது. முள்ளங்கிப் பலகாரமான லொ பாக் கோவில் உலர்ந்த இறாலும் பன்றி இறைச்சித் துண்டுகளும் கலந்திருக்கும். இனிப்புகளிலும் பன்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. பௌத்த மரபுச் சைவ உணவைக் குறிக்கும் "சாய்" என்னும் கண்டோனீயச் சொல்லை அறிந்திருப்பது பயன்தரும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், ஹொங்கொங் மக்கள் பலர் சைவம் உண்பதால் அதற்கெனத் தனி உணவகங்கள் உள்ளன.

ஹொங்கொங்கில் காயல்பட்டினத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ் முசுலிம்கள் கணிசமாக வாழ்கின்றனர். வான் சாய் பகுதியில் 1981 இல் திறக்கப்பட்ட இசுலாமிய நிலையத்தின் உணவகம் ஹலால் திம் சம்முக்குப் பெயர்பெற்றது.

தொற்றுநோய்க் காலங்கள்

2003 இல் சார்சு நோய் பரவியபோது, ஒவ்வொருவரும் தம் குச்சியால் பொதுக் கூடையிலிருந்து எடுக்கும் பழக்கம் கேள்விக்குள்ளானது. பரிமாறுவதற்கெனத் தனிக் குச்சிகளை வைக்கும் முறை அதன் பின்னர் பரவியது. இன்று பல மேசைகளில் ஒருவருக்கு இரு இணைக் குச்சிகள் வெவ்வேறு நிறங்களில் வைக்கப்படுகின்றன.

கோவிட்-19 காலத்தில் இதனினும் கடுமையான நிலை ஏற்பட்டது. 2020 மார்ச்சு இறுதியில் ஒரு மேசைக்கு நால்வர் என வரையறுக்கப்பட்டது. சூலை 29 அன்று உணவகத்தில் அமர்ந்து உண்பதே நாள் முழுவதும் தடை செய்யப்பட்டது. கட்டடத் தொழிலாளர்கள் வெயிலிலும் மழையிலும் நடைபாதைகளில் அமர்ந்து மதிய உணவை உண்ணும் காட்சிகள் வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. இரண்டே நாட்களில், சூலை 31 அன்று, பகல் நேரத்தில் மேசைக்கு இருவர் என்னும் கட்டுப்பாட்டுடன் உணவகங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. பன்னிருவர் அமரும் வட்ட மேசையில் இருவர் மட்டும் அமர்ந்தனர். நான்கு துண்டு ஹா காவை ஆளுக்கு இரண்டாகப் பகிர்ந்தனர். வெலிங்டன் வீதியில் இயங்கிய லின் ஹியோங் தேநீர் இல்லம் 2022 ஆகத்தில் மூடப்பட்டு, 2024 இல் மீண்டும் திறக்கப்பட்டது. மேசைக்கு இத்தனை பேர் என்னும் வரம்பு 2022 திசம்பர் இறுதியிலேயே முற்றாக நீக்கப்பட்டது. அதற்குள் பலர் வெளிநாடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், நீண்டநாள் கூடிவந்த நண்பர் குழுக்கள் பலவற்றில் மேசைகள் முன்புபோல் நிறையவில்லை.