படித்தவர் எழுதக் கூடாது

2003, 2004 வாக்கில் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே புலம்பலைத்தான் சொல்வார்கள். திரை வந்துவிடும், சத்தம் வந்துவிடும், வைஃபை மட்டும் வராது. உள்ளே இருப்பது ப்ராட்காம் சிப் என்று தெரிந்தால் அநேகமாக ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். கார்டில் ஒரு பழுதும் இருக்காது. அதை இயக்க டிரைவர் கிடையாது, அவ்வளவுதான்.

டிரைவர் ஒன்றும் மந்திரமில்லை. சிப்புக்குள் ரெஜிஸ்டர்கள் என்று எண்ணிட்ட சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. எந்த அறையில் எந்த எண்ணைப் போட்டால் ரேடியோ ஆறாவது சேனலுக்குப் போகும், எதைப் போட்டால் சிக்னலின் வலு கூடும் என்று தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் பொறுமை. கல்லூரியில் மைக்ரோபிராசஸர் லேபில் எங்களை டேட்டாஷீட்டை முன்னால் வைத்துக்கொண்டு இதைத்தான் செய்யச் சொன்னார்கள். ப்ராட்காம் அந்த டேட்டாஷீட்டை வெளியிடவில்லை. ரேடியோவின் அலைவரிசையையும் வலுவையும் ஆளாளுக்கு மாற்றினால் அமெரிக்காவின் எஃப்சிசி விதிகள் மீறப்படும் என்பது அந்தக் காலத்தில் வைஃபை சிப் நிறுவனங்கள் வழக்கமாகச் சொன்ன காரணம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் பூட்டி வைக்கும் அளவுக்கு உண்டா என்றால், இல்லை என்பேன்.

முதலில் வந்த வைத்தியம் என்டிஸ்ராப்பர். விண்டோஸ் டிரைவரை அப்படியே தூக்கி வந்து, லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு விண்டோஸ் செட் போட்டு, அதில் நடிக்க விடுவது. தான் இருப்பது விண்டோஸ் என்று நம்பிக்கொண்டு டிரைவர் வேலை செய்யும். ஃப்ரீபிஎஸ்டியில் பில் பால் செய்த இதே வித்தைக்கு ‘ப்ராஜெக்ட் ஈவில்’ என்றே பெயர். வைஃபை வந்தது, உண்மை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு சரக்கு கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்தது. அது விழுந்தால் மொத்த கணினியும் விழும்.

இத்தனைக்கும் ப்ராட்காமிடம் லினக்ஸ் டிரைவர் இருந்தது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்கிற நீலமும் கறுப்புமான ரவுட்டர் ஓடியதே லினக்ஸில்தான். ஜிபிஎல் உரிமம் கட்டாயப்படுத்தியதால் 2003-இல் அதன் சோர்ஸ் கோடை வெளியிட்டார்கள். வைஃபை டிரைவர் மட்டும் அதில் இல்லை, மிப்ஸ் பிராசஸருக்கான பைனரியாகத்தான் கிடைத்தது. மடிக்கணினிக்காரர்கள் தேடியது பக்கத்து மேசையில் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

அந்த பைனரியைத்தான் ஒரு குழு பிரித்துப் படிக்க ஆரம்பித்தது. ஆனால் படித்தவர்கள் டிரைவர் எழுதவில்லை. எந்த அறையில் எந்த எண் போகிறது, அடுத்து எதைப் படிக்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சாதாரண வார்த்தைகளில் ஒரு விவரக் குறிப்பு மட்டும் எழுதினார்கள். அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, பைனரியைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு டிரைவரை எழுதியது. சிப்பின் நடத்தை ஒரு தகவல், அதற்குப் பதிப்புரிமை கிடையாது. ஒருவர் எழுதிய நிரல்வரிக்கு உண்டு. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் நடுவில் இந்தச் சுவர். 1980களில் ஐபிஎம் பிசியின் பயாஸுக்கு மாற்று எழுதிய ஃபீனிக்ஸ் நிறுவனம் கையாண்ட வழி இது. ‘ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்’ பார்த்தவர்களுக்கு முதல் சீசன் நினைவுக்கு வரலாம். அங்கே சம்பளம் இருந்தது. இங்கே ராத்திரி கண்விழித்தவர்கள் தன்னார்வலர்கள்.

2006 ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.17-இல் அந்த டிரைவர் சேர்ந்தது. அப்போதும் ஒரு முள் பாக்கி. சிப் எழும்போதெல்லாம் அதற்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் ப்ராட்காமின் சொத்து. அதை லினக்ஸோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி இல்லை. எனவே நிறுவனத்தின் டிரைவரை நாமே இறக்கி, ஃபர்ம்வேரை அதிலிருந்து அறுத்தெடுக்க ஒரு கருவி எழுதினார்கள். வைஃபை வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் இறக்க இன்டர்நெட் வேண்டும். கேபிளைத் தேடி அலைந்தவர்கள் சிரிக்கலாம்.

அந்தச் சுவருக்கு முதல் சோதனை ப்ராட்காமிடமிருந்து வரவில்லை. 2007 ஏப்ரலில் லினக்ஸ் டிரைவரின் முக்கிய ஆசிரியர்களில் ஒருவரான மிக்கேல் பூஷ், தங்கள் ஜிபிஎல் நிரல்வரிகள் ஓப்பன்பிஎஸ்டி எழுதிக்கொண்டிருந்த டிரைவரில் வேறு உரிமத்தின் கீழ் இருக்கின்றன என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினார். ஓப்பன்பிஎஸ்டியின் தலைவர் தியோ டி ராட் கொதித்தார். முடியாத வேலை அது, தனியாகச் சொல்லியிருந்தால் சரிசெய்திருப்போமே, ஊரைக் கூட்டி ஒருவரை அவமானப்படுத்துவதா என்பது அவர் வாதம். எழுதிக்கொண்டிருந்தவர் டிரைவரையே நீக்கிவிட்டுப் போய்விட்டார். உரிமம் பற்றிப் பூஷ் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்தவர் வரியைத் தொடாமல் எழுதியதுதானே அவர்களுடைய ஒரே கவசம்? அதைத் தங்கள் வரிகளுக்கும் எதிர்பார்த்தார்கள். ஆனால் முதல் கடிதமே பத்துப் பேருக்கு முன்னால் போனதை நியாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. கையில் டேட்டாஷீட் இல்லாத இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டது. டேட்டாஷீட் வைத்திருந்தவர்களுக்கு இதில் ஒரு செலவும் இல்லை.

2010 செப்டம்பரில் ப்ராட்காமே ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டது. புதிய சிப்களுக்கு மட்டும். பழையவற்றுக்கு அந்தத் தன்னார்வலர்கள் எழுதியதன் வாரிசான பி43 டிரைவர்தான் இன்னமும். கெர்னலில் அதன் கோப்புகளைத் திறந்தால், இந்த முகவரியில் இந்த எண்ணை எழுது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அவற்றில் பல எண்களுக்கு இன்றுவரை பெயர் கிடையாது. ரவுட்டர் பைனரியில் இருந்தது, குறிப்பில் ஏறியது, டிரைவருக்கு வந்தது, வேலை செய்கிறது.