யார்க்டவுனில் தோற்றவர் கேட்ட கிஸ்தி



முக்கூடலில் நின்றுகொண்டு அமெரிக்கக் குடியரசைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டால் வழி கிடைத்துவிடும். காரன்வாலிஸ். 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி. தோற்றவரையே 1786இல் கவர்னர் ஜெனரலாக இங்கே அனுப்பினார்கள். 1792இல் ஆற்காட்டு நவாபுடன் அவர் செய்த உடன்படிக்கைதான் நெல்லைப் பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்தது.

1793இல் பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இறங்கின. அமெரிக்கா இரண்டுபட்டது. ஹாமில்டன் கட்சி இங்கிலாந்தின் பக்கம் சாய்ந்தது, ஜெபர்சன் கட்சி பிரான்சின் பக்கம். இங்கிலாந்தோடு உடன்படிக்கை செய்து வந்த ஜான் ஜேயின் கொடும்பாவியை ஊர் ஊராக எரித்தார்கள். 1798இல் பிரெஞ்சுப் பயத்தைக் காட்டி தேசத்துரோகச் சட்டம் வந்தது. அதிபர் ஆடம்ஸை எழுத்தில் தாக்கிய மாத்யூ லயன் என்ற மக்கள் பிரதிநிதியே சிறைக்குப் போனார். உபா வழக்குகளைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே பயம் இங்கும் வேலை செய்தது. நெப்போலியன் எகிப்தில் இறங்கிய மறு ஆண்டு, 1799 மே மாதம், திப்பு வீழ்ந்தார். செப்டம்பரில் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியில் நின்றார். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். எட்டயபுரம் கம்பெனியோடு நின்றது. புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். யார் தியாகி, யார் துரோகி என்பதை நம் மேடைகள் நிறையவே பேசியாயிற்று. இரு தரப்பாரின் வயலிலும் உழுதவர் யார் என்பதுதான் என் கேள்வி.

1801 ஜூனில் வெளியான மருதுவின் ஜம்புத்தீவு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எல்லாச் சாதியாருக்கும் என்று தொடங்கி, பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று பெயர் சொல்லி அழைக்கிறது. அந்தத் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பெயர் சொல்லும் இடத்தில் ஐந்தாமவர் இல்லை.

அமெரிக்க அரசியல் சாசனம் இன்னும் தந்திரமானது. அடிமை என்ற சொல்லை எழுதாமலே, அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டது. பிரான்சு பற்றி மண்டையை உடைத்துக்கொண்ட இரு கட்சிகளும் இதில் ஒன்றாகவே உட்கார்ந்திருந்தன. பிரெஞ்சுச் சுதந்திரத்தைக் கொண்டாடிய ஜெபர்சன், 1804இல் அடிமைகளே வென்று அமைத்த ஹைத்திக் குடியரசை அங்கீகரிக்கவில்லை. 1806இல் அதனோடு வணிகத்தையும் தடுத்தார். ஆடம்ஸ் அரசு தூசான் லூவர்த்தூரோடு வணிகம் செய்ததும் பாசத்தால் அல்ல, பிரான்சுக்கு எதிராகப் பயன்பட்டார் என்பதால்தான். அங்கீகாரம் 1862இல்தான் வந்தது.

இங்கே பாஞ்சாலங்குறிச்சி நிலம் விசுவாசிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1803இல் பாளையங்கள் ஜமீன்களாயின. பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று எழுதவே 1843 ஆயிற்று.

கட்டபொம்மன் படையில் நின்று உயிரைக் கொடுத்தவர் என்று கவர்னகிரி சுந்தரலிங்கத்தை நம் மக்கள் வாய்மொழியில் காத்து வந்தார்கள். 1997இல் அவர் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்களில் ரத்தம் சிந்தியது. அதே ஜூலையில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. இந்தக் கூட்டம் முடிந்து நீங்கள் ஏறப்போகும் பஸ்ஸிலும் யார் பெயரும் இருக்காது.