அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் கணினி அறிவியல்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் படித்துத் தேர்வெழுதும் கணினிப் பாடம். இலாப நோக்கற்ற அமைப்பான காலேஜ் போர்டு இதை நடத்துகிறது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் அந்தப் பாடத்தை முடித்துவிட்டதாகவே பல கல்லூரிகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. முதல் தேர்வு 1984இல் நடந்தது. அன்று முதல் எந்த நிரல்மொழியில் கற்பிப்பது என்ற விவாதம் ஓயாமல் நடந்துவந்தது. யாருக்குக் கற்பிக்கிறோம் என்ற கேள்வி வெகு தாமதமாகத்தான் எழுந்தது.

பள்ளிக்குள் கணினி நுழைந்தது இந்தத் தேர்வுக்கும் முன்பே. டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964இல் பேசிக் மொழியை உருவாக்கினார்கள். அதன்பின், எங்கோ இருக்கும் பெரிய கணினியைத் தொலைபேசி இணைப்பு வழியாக டெலிடைப் இயந்திரத்திலிருந்து இயக்குவது சில பள்ளிகளுக்குச் சாத்தியமாயிற்று. சியாட்டிலில் உள்ள லேக்சைடு தனியார் பள்ளியில், மாணவர்களின் தாய்மார்கள் பழைய பொருட்களை விற்றுத் திரட்டிய பணம் 1968இல் இதற்குப் பயன்பட்டது. பில் கேட்ஸும் பால் ஆலனும் நிரல் எழுதப் பழகியது அந்த இயந்திரத்தில்தான். பணம் திரட்ட வசதியில்லாத பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

தொடக்கத்தில் தேர்வு பாஸ்கல் மொழியில் இருந்தது. நிக்லாஸ் விர்த் அதைக் கற்பிப்பதற்கென்றே வடிவமைத்திருந்தார். 1992 முதல் தேர்வு இரண்டாகப் பிரிந்தது: 'ஏ' அடிப்படைப் பாடம், 'ஏபி' பட்டியல், மரம் போன்ற தரவுக் கட்டமைப்புகளையும் சேர்த்த கடினமான பாடம். 1999இல் பாஸ்கல் போய் சி பிளஸ் பிளஸ் வந்தது. தொழில்துறைக்காக உருவான அந்த மொழியை அப்படியே மாணவர்களிடம் கொடுக்க முடியவில்லை. எளிமையாக்கிய தனி நிரல் வகுப்புகளை (கிளாஸ்) எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஐந்தே ஆண்டில், 2004இல், ஜாவாவுக்கு மாறினார்கள். ஒவ்வொரு மாற்றத்தின் போதும் பள்ளி ஆசிரியர்கள் புதிதாகப் படித்துத் தயாராக வேண்டியிருந்தது. இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத உழைப்பு அது.

பாடத்தின் மிகச் சிறந்த பகுதி என்று 'கேஸ் ஸ்டடி' முறையைச் சொல்லலாம். வேறொருவர் எழுதிய நீண்ட நிரலை மாணவர் வாசித்துப் புரிந்துகொண்டு, அதன்மேல் தன் நிரலைக் கட்ட வேண்டியிருந்தது. 2008 முதல் 2014 வரை இருந்த கிரிட்வேர்ல்டு இதற்கு நல்ல உதாரணம். திரையில் ஒரு கட்டம். அதில் பூச்சி முன்னால் நகரும். விட்டுவந்த கட்டத்தில் ஒரு பூவைப் போடும். வழியில் பாறை குறுக்கிட்டால் 45 பாகை வலப்புறம் திரும்பும். இந்தப் பூச்சியின் குணங்களை மரபாகப் பெற்று, சுழல் போட்டு நடக்கும் இன்னொரு பூச்சியை மாணவர் எழுதுவார். சில வரி மாற்றம் போதும், பூக்கள் வேறு கோலத்தில் விழும். மரபுரிமை என்ற கருத்தை இதைவிடக் கண்கூடாகக் காட்டுவது கடினம். தேர்வில் மட்டும் அப்போது கணினி கிடையாது. நிரலைத் தாளில் கையால் எழுத வேண்டியிருந்தது. எண்ணம் தெளிவாக இருந்தால் விடுபட்ட அரைப்புள்ளிக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

எழுதுவோர் குறைவாக இருந்ததால் 'ஏபி' தேர்வு 2009உடன் நின்றது. மற்றதிலும் கூட்டம் சேரவில்லை. 2013இல் நாடு முழுவதும் எழுதியவர்கள் சுமார் 30,000 பேர். அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்கூடப் பெண்கள் இல்லை. மிசிசிப்பி, மொன்டானா, வயோமிங் மாநிலங்களில் ஒரு மாணவிகூட எழுதவில்லை. இது பிள்ளைகளின் ஆர்வக் குறைவால் வந்ததல்ல என்பதைக் கல்வி ஆய்வாளர் ஜேன் மார்கோலிஸ் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளை ஆராய்ந்து 2008இலேயே எழுதியிருந்தார். கறுப்பின, லத்தீன் மாணவர்கள் அதிகம் படிக்கும் பள்ளிகளில் கணினி இருந்தது. ஆழமாகக் கற்பிக்கும் பாடம் இல்லை.

இந்தக் குறையைப் போக்க, தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் உருவானதுதான் 'கணினி அறிவியல் கோட்பாடுகள்' என்ற இரண்டாவது பாடம். டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓவன் அஸ்ட்ராகன் இதன் உருவாக்கத்தில் முதன்மையானவர். 2016-17 கல்வியாண்டில் பள்ளிகளுக்கு வந்தது. இணையம் இயங்கும் விதம், தரவு, தனியுரிமை, அல்காரிதம் எல்லாம் இதில் உண்டு. இன்ன மொழி என்ற கட்டாயம் இல்லை. பைத்தானிலும் எழுதலாம், கட்டைகளைப் பொருத்தும் ஸ்னாப்பிலும் எழுதலாம். மாணவர் தானே ஒரு நிரலை உருவாக்கிச் சமர்ப்பிப்பதும் மதிப்பீட்டில் சேரும். முப்பதாண்டு மொழிச் சண்டைக்கு இது நல்ல பதில்.

 

2025இல் தேர்வு திரைக்கு மாறியது. நிரலைக் கையால் எழுதும் வழக்கம் முடிந்தது. 2025-26இல் 'ஏ' பாடத்திட்டத்திலிருந்து மரபுரிமை நீக்கப்பட்டு, கோப்பிலிருந்து தரவை வாசிக்கும் பகுதி சேர்ந்தது.