அழிந்த எழுத்தும் அழிக்காத கருவியும்

தோல் ஏட்டின் பழைய எழுத்தைச் சுரண்டிக் கழுவி, அதன்மேல் வேறொரு நூலை எழுதும் வழக்கம் இடைக்கால ஐரோப்பாவில் இருந்தது. அவ்வாறு மறைந்த முதல் எழுத்தைப் படிப்பதும் ஏட்டைக் காப்பதும் நெடுங்காலம் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றன. பொருளைச் சிதைக்காமல் அதிலுள்ள தனிமங்களை இனங்காணும் உணர்கருவிகள் இம்முரண்பாட்டைத் தளர்த்திய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அக்கால மை பெரும்பாலும் மாசிக்காய்ச் சாற்றையும் அன்னபேதியையும் சேர்த்துச் செய்யப்பட்டது. அன்னபேதி இரும்பின் உப்பு. மையைக் கழுவினாலும் இரும்பின் எச்சம் தோலில் தங்கிவிடும். வாத்திகன் நூலகத்தில் 1819இல் சிசரோவின் 'குடியரசு பற்றி' என்னும் நூலைக் கண்டறிந்து 1822இல் பதிப்பித்த ஆஞ்செலோ மாய் முதலானோர், ஏடுகளின்மேல் மாசிக்காய்ச் சாற்றைத் தடவினர். எஞ்சிய இரும்போடு அது கூடியதும் எழுத்து கருத்துத் தோன்றியது. ஆனால் நாளடைவில் ஏடே கறைபட்டது. ஒருவர் படித்ததைப் பின்வந்தோர் சரிபார்க்க வழியில்லாது போயிற்று.

அதே இரும்பை வேறு வழியில் காண இயற்பியல் உதவியது. ராண்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை உமிழ்கிறது; அதன் அதிர்வெண் அணு எண்ணைச் சார்ந்தது என்பதை மோஸ்லி 1913இல் நிறுவினார். எனினும் அவர் ஆய்பொருளைக் குழாய்க்குள் வைத்து எலக்ட்ரான்களால் தாக்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, பொருள் உமிழும் கதிரை அளக்கும் முறைக்கு ஃப்ரீட்மனும் பர்க்சும் 1948இல் கைகர் எண்ணியைப் பயன்படுத்தினர். 1966இல் பெர்க்லி ஆய்வாளர்கள் குறைகடத்தி உணர்கருவியைக் கொண்டு பல தனிமங்களின் கதிர்களை ஒருசேரப் பிரித்துக் காட்டினர். இரும்பு உமிழும் முதன்மைக் கதிரின் ஆற்றல் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதுவே அதன் அடையாளம்.

இதன் பயனை ஆர்க்கிமிடீசின் ஏடு நன்கு விளக்கும். பத்தாம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட அந்நூல், 1229இல் வழிபாட்டு நூலாக மாற்றி எழுதப்பட்டது. ஹைபர்க் 1906இல் அதனைக் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆராய்ந்தார். பின்னர், இருபதாம் நூற்றாண்டில், சில பக்கங்களின்மேல் பொன்வண்ணப் போலி ஓவியங்கள் தீட்டப்பட்டன. 2005இல் ஸ்டான்ஃபோர்டு முடுக்கி மையத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சியபோது, அப்பூச்சையும் கடந்து வந்த இரும்பின் கதிர்கள் அடியிலிருந்த எழுத்தைக் காட்டின. ஏட்டில் ஒரு துளிச் சாறும் படவில்லை.

இம்முறைக்கும் எல்லை உண்டு. கரியின் மென்கதிர் காற்றிலேயே உட்கவரப்படுவதால், விளக்குக்கரி தடவிய நம் ஓலைச்சுவடிகளின் எழுத்தை இது காட்டாது. மேலும், மேலெழுத்தின் மையிலும் மறுபக்க மையிலும் இரும்பு இருப்பின் அவையும் கலந்தே தோன்றும். கருவி தருவது இரும்பு கிடக்கும் இடங்களின் வரைபடமே. எக்கோடு எந்நூலுக்குரியது எனத் துணிவது மொழியறிஞரின் பணி. அத்துணிவு பிழையாயினும், மூலம் கெடாதிருப்பதால், பின்வருவோர் அதைத் திருத்த இயலும். அழிவில்லாச் சோதனையின் தலையாய பயன் இதுவே எனலாம்.