பழைய பெயர், புதுப் பெயர், ஒரு ரேஷன் கார்டு

போன தடவை பங்குச் சந்தையைப் பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஏகப்பட்ட புகார். அதனால் இந்தத் தடவை வரலாறு. பயப்பட வேண்டாம், ராஜா ராணி கதை இல்லை. நம் பர்ஸில் கிடக்கும் அட்டைகளின் வரலாறு.

2023 டிசம்பர். நான் பி.காம். முதலாம் ஆண்டு. எங்கள் தெருவிலிருந்து பதினேழு வயதில் காணாமல் போன ஒருவர் மும்பையிலிருந்து திரும்பி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. போகும்போது பையன், வரும்போது திருநங்கை. அம்மாவுக்குப் பக்கவாதம். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால்தான் வீட்டுக் கதவு அவருக்குத் திறந்தது என்று எங்கள் அம்மா சொல்வார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஒருநாள் அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். "நீ பி.காம். தானப்பா படிக்கிற, இந்த லோன் ஃபாரத்தை நிரப்பிக் குடு" என்றார். வீட்டிலேயே தையல் மெஷின் போட வங்கிக் கடன் கேட்கிறார். கவருக்குள் இருந்தவை: மும்பையில் எடுத்த ஆதார், புதுப் பெயரில். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பழைய பெயரில். பான் கார்டு இல்லை. குடும்ப ரேஷன் கார்டில் பெயரே இல்லை, அவர் போன சில வருடங்களில் நீக்கிவிட்டார்கள். டெபிட், கிரெடிட் டேலி ஆகாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆளே டேலி ஆகாவிட்டால் எங்கே போடுவது என்று சொல்லித் தரவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். இவர்களை அரசாங்கம் எப்போதிலிருந்து எழுதி வைத்திருக்கிறது? எழுதாமல் விட்டதாகத்தான் நினைத்திருந்தேன். தப்பு. 1871லேயே எழுதியிருக்கிறார்கள்! வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பழங்குடியினர் சட்டத்தை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அதற்கு இரண்டாவது பகுதி ஒன்று இருந்தது. குழந்தைகளைக் கடத்துவார்கள் என்பது போன்ற சந்தேகத்துக்கு ஆளான 'யூனக்'குகளின் பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றது அது. வட இந்தியாவில் ஹிஜ்ராக்கள் இதில் மாட்டினார்கள். பதிவேட்டில் பெயர் ஏறியவர் பெண் உடையில் தெருவில் வந்தால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், 2 வருடம் வரை சிறை. உயில் எழுத முடியாது, தத்தெடுக்க முடியாது, ஒரு குழந்தைக்கு கார்டியனாக இருக்க முடியாது. அதாவது சொத்தும் குடும்பமும் கைமாறும் எல்லா வழியும் அடைப்பு. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் இருப்பதுதான் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

இனி ஒரே தாவாகத் தாவி 2005க்கு வருகிறேன் (நடுவில் 130 வருடம் போய்விட்டது, மன்னிக்கவும்). அந்த வருடம் இந்திய பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஆண், பெண் தவிர மூன்றாவதாக 'இ' என்ற ஆங்கில எழுத்து சேர்ந்தது. எதன் முதல் எழுத்து என்கிறீர்கள்? அதே 'யூனக்'தான். வார்த்தை மட்டும் 1871லிருந்து அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் ஊர் இதில் கொஞ்சம் பரவாயில்லை. 2008 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. நாட்டிலேயே முதல் வாரியம் அதுதான். அடையாள அட்டை கிடைத்தது, ரேஷன் கார்டுக்கும் வழி பிறந்தது. திருநங்கை என்ற சொல்லே கருணாநிதி ஆட்சியில்தான் அரசுக் காகிதங்களில் பரவியது. 2009 நவம்பரில் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் 'இதரர்' என்று பதிய அனுமதித்தது.

இங்கே ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இதரர்' என்று பதிவானவர்கள் 4,87,803 பேர். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் அப்படிப் பதிந்திருந்த வாக்காளர்கள் 28 ஆயிரத்துச் சொச்சம் பேர். கணக்கெடுப்பில் குழந்தைகளும் அடக்கம், ஆண் அல்லது பெண் என்றே பதிந்துகொண்ட வாக்காளர்களும் இருப்பார்கள், சரி. அதற்காக இவ்வளவு வித்தியாசமா? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். கணக்கெடுக்க வருபவர் நம் வாசலுக்கு வருகிறார், நாம் வாயால் சொன்னால் போதும். வாக்காளர் அட்டைக்கு நாம் போக வேண்டும், போகும்போது முகவரிக்கு ஒரு காகிதம் வேண்டும். வீட்டைவிட்டு வந்தவரிடம் இல்லாத காகிதம் அதுதானே?

2014 ஏப்ரல் 15. நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி. தன் பாலினம் எது என்று ஒருவர் தானே சொல்லலாம், அதற்கு ஆபரேஷன் செய்துகொண்டு வா என்று கேட்பது சட்டவிரோதம் என்றார்கள். படித்தபோது நிஜமாகவே சிலிர்த்தது. ஆனால் தீர்ப்பு டெல்லியில், கவுண்டர் நம் ஊரில். அடுத்த வருடமே சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினியின் சப் இன்ஸ்பெக்டர் விண்ணப்பம் தள்ளுபடியானது. சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர் என்பதும் ஒரு காரணம். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2015 நவம்பரில் தனக்குச் சாதகமான தீர்ப்பு வாங்கி, 2017ல் அவர் பணியில் சேர்ந்தார். சட்டம் தெரிந்து, கூட வர வக்கீலும் இருந்தவருக்கே இத்தனை அலைச்சல்.

நம் சப்ஜெக்டுக்கும் ஒன்று இருக்கிறது. டாக்ஸேஷன் பேப்பரில் 49ஏ என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் பான் கார்டு விண்ணப்பத்தில் 2018 ஏப்ரல் வரை ஆண், பெண் இரண்டே கட்டங்கள். ஆதாரிலோ ஆரம்பத்திலிருந்தே மூன்றாவது உண்டு. ஆதாரில் திருநங்கை, பானில் ஆண் என்றால் இரண்டையும் எப்படி இணைப்பது? பாட்னாவின் ரேஷ்மா பிரசாத் போன்றவர்கள் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஒரு கட்டம் அடிப்பதற்கு உச்ச நீதிமன்றம்!

அடுத்து 2019 சட்டமும், 2020 செப்டம்பரில் வந்த விதிகளும். அந்த விதிகளின்படி கலெக்டரிடம் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் 30 நாளுக்குள் திருநர் என்று சான்றிதழ் தர வேண்டியிருந்தது. அதைக் காட்டினால் மற்ற ஆவணங்களை 15 நாளுக்குள் மாற்றித் தர வேண்டியிருந்தது. ஆண் அல்லது பெண் என்று வேண்டுமானால் சிகிச்சைச் சான்றோடு இன்னொரு முறை விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நால்சா தீர்ப்புக்கு இது நேர் எதிர் என்று திருநர் அமைப்புகள் அப்போதே சண்டை போட்டன. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

அக்காவுக்கு இடித்தது வேறு இடத்தில். விண்ணப்பிக்கும் நாளில் அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி. ஆண், பெண் பற்றி எழுதும்போது ரொம்ப யோசித்தவர்கள், ஊர் திரும்புகிறவரைப் பற்றி யோசிக்கவில்லை போலிருக்கிறது. மும்பையில் பதினாலு வருடம் இருந்தார், அங்கே கேட்டிருக்கலாம். அங்கே இருந்தபோது யாரும் சொல்லவில்லை. இங்கே பிறந்தார், இங்கேதான் பள்ளிக்கூடம் போனார், ஆனால் இங்கே 'குடியிருந்து' நாலு மாதம்தான்.

காத்திருந்தார். 12 மாதம் முடிந்ததும் நானும் கூட உட்கார்ந்து விண்ணப்பித்தோம். சான்றிதழ் வந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு டெய்ரி மில்க். ஆதாரில் முகவரி மாற்றியாகிவிட்டது, பான் கார்டும் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு மனு போட்டு நாளாகிறது, பதிலைக் காணோம். தையல் மெஷின் கடன் கிடைத்து இப்போது எங்கள் தெரு ஜாக்கெட்டெல்லாம் அங்கேதான்.

மிச்சம் இருப்பது ரேஷன் கார்டு. தனிக் கார்டு வேண்டாம், அம்மா பெயருக்குக் கீழே தன் பெயர் வர வேண்டும் என்கிறார் அக்கா. எல்லாக் காகிதமும் கையில் இருக்கிறது, ஆன்லைனிலேயே சேர்த்துவிடலாம். என்ன, ஓ.டி.பி. அண்ணன் நம்பருக்குத்தான் வரும். போன வாரம் கேட்டதற்கும் "பார்க்கலாம்" என்றாராம்.