இமயமலையில் எரிமலை இல்லை... அந்தமானில் மட்டும் எப்படி?

சில வீட்டு பூஜை அறைகளில் சாளக்கிராமம் பார்த்திருப்பீங்க. நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் கறுப்புக் கல். உடைந்த கல்லுக்குள் சக்கரம் மாதிரி ஒரு சுருள் தெரியும். அது, பல கோடி வருடங்களுக்கு முன் வாழ்ந்த அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தின் தடம்.

கடல் உயிரினத்துக்கு இமயமலையில் என்ன வேலை?

கடல், மலையான கதை

பூமியின் மேலோடு ஒரே துண்டு கிடையாது. பல தட்டுகளாக உடைந்து, மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம்ம இந்தியத் தட்டு ஒருகாலத்தில் ஆப்பிரிக்கா, அன்டார்டிகாவோடு ஒட்டிக்கிடந்தது. அங்கிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி வருடங்களுக்கு முன் ஆசியாவோடு மோதியது. நடுவில் இருந்த டெதிஸ் கடல் மூடிக்கொள்ள, அதன் அடித்தரை மடிந்து மேலே எழும்பியது. 8,848.86 மீட்டர் உயர எவரெஸ்ட்டின் உச்சியில் இருப்பதே கடலடியில் உருவான சுண்ணாம்புப் பாறைதான்!

மோதிய இரண்டுமே நிலப்பகுதி. நிலத்தின் பாறை எடை குறைவானது என்பதால், எதுவும் ஆழத்துக்கு முழுசாக மூழ்காது. பாயை இரண்டு பக்கமும் தள்ளினால் நடுவில் மேடு தட்டுமே, அதேதான் இங்கேயும். உருகி மேலே வரப் பாறைக்குழம்பு இல்லை. அதனால், இமயமலையில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை.

அந்தமானில் நடப்பது வேற!

அதே இந்தியத் தட்டின் கிழக்கு ஓரம், கடலடிப் பாறை. எடை அதிகம். அது அந்தமான் பக்கம் இருக்கும் பர்மா தட்டுக்குக் கீழே சரிந்து இறங்குகிறது. இறங்கும்போது பாறைக்குள் இருக்கும் தண்ணீரையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. சுமார் 100 கி.மீ ஆழத்தில் அந்தத் தண்ணீர் வெளியேறி, மேலே இருக்கும் சூடான பாறையில் கலக்கிறது. ஐஸில் உப்பைப் போட்டால் சீக்கிரம் உருகுமே... அப்படி, தண்ணீர் கலந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். அந்தக் குழம்பு மேலே வந்தால் எரிமலை!

இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலையான பேரன் தீவு இப்படி உருவானதுதான். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ தொலைவில், ஆளில்லாத தீவு. 19-ம் நூற்றாண்டோடு அடங்கிவிட்டது என்றிருந்த நேரத்தில், 1991-ல் மறுபடியும் வெடித்தது. தெற்கே சுமத்ராவின் எரிமலை வரிசைக்கும் காரணம் இதே மாதிரியான சரிவுதான்.

மோதல் இன்னும் முடியலை

வடக்கே இந்தியாவும் ஆசியாவும் இன்றைக்கும் வருடத்துக்கு 4 முதல் 5 செ.மீ வரை நெருங்குகின்றன. கிட்டத்தட்ட நம்ம நகம் வளரும் வேகம். ஆனால், தட்டுகள் சீராக நழுவுவதில்லை. பல இடங்களில் சிக்கிக்கொண்டு, வருடக்கணக்கில் அழுத்தம் சேர்ந்து, ஒருநாள் சட்டென்று விடுபடும். 2015 ஏப்ரல் 25-ல் நேபாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கமாக வந்தது அதுதான். சுமார் 9,000 பேர் இறந்தார்கள்.

2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே விடுபட்டது, கடலடியில். தரை எழும்பியதில் கடலே எழும்பி, சுமார் இரண்டரை மணி நேரத்தில் நம்ம கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் சுனாமி எச்சரிக்கை தருகிறது.

ஆனாலும் ஒன்றை மறக்காதீங்க. பீச்சில் இருக்கும்போது கடல் திடீரென உள்வாங்கினால், போனை எடுத்து வீடியோ எடுக்க வேண்டாம். மேடான இடத்துக்கு ஓடுங்க!