முல்லைவாயில் சுவரில் ஒரு கைம்பெண்

பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்து வந்தால் திருமுல்லைவாயிலில் பெண்கள் கூட்டம்தான். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் இங்கே கொடியிடையம்மன். மூவரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பது கணக்கு. நானும் அம்மாவோடு அப்படிப் போயிருக்கிறேன்.

கோயிலில் யாரைக் கேட்டாலும் தொண்டைமான் கதையைச் சொல்வார்கள். யானையின் காலில் சுற்றிய முல்லைக்கொடியை வாளால் வெட்டினான். உள்ளே இருந்த லிங்கத்தில் ரத்தம் கசிந்தது. அந்தக் காயத்துக்குத்தான் மாசிலாமணீசுவரருக்கு ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு. அடுத்தது சுந்தரர் கதை. பிரியேன் என்று சங்கிலியாருக்குத் திருவொற்றியூரில் சத்தியம் செய்து, அதை மீறிக் கிளம்பி, கண்ணிழந்து, வழியில் இங்கே பாடினார். பதிகத்தில் சங்கிலியின் பெயர் வருகிறது, கண் போன காரணமாக. அவர் பக்கத்தைச் சொல்ல ஒரு பதிகமும் இல்லை.

யாரும் சொல்லாத பெண் ஒருத்தி இக்கோயிலின் கல்வெட்டில் இருக்கிறாள். உத்தம சோழன் காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செம்பியன் மாதேவி இங்கே நிலம் கொடுத்திருக்கிறாள். மழவரையர் மகள், கண்டராதித்தர் மனைவி, உத்தம சோழனைப் பெற்றவள் என்று கல்வெட்டுகள் அவளை மூன்று ஆண்களை வைத்தே அடையாளம் காட்டும். கொடுத்த கை மட்டும் அவளுடையது. ஏறக்குறைய 957இல் கணவர் இறந்தபின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். கோனேரிராஜபுரம் போன்ற ஊர்களில் கற்றளி எடுப்பித்தாள்.

அதே குடும்பத்தில் மருமகள் முறையில் இன்னொருத்தி: சுந்தர சோழனின் மனைவி, ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி. கணவனோடு தீப்புகுந்தாள். பால்குடி மறவாத பிள்ளையை விட்டுப் போனாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் பெருமையாகப் பாடுகிறது. விண்ணுலகப் பெண்கள் கணவனைக் கவர்ந்துவிடுவார்களோ என்று அஞ்சிப் பின்தொடர்ந்தாள் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. எரிந்தவளுக்குப் பொறாமையைக் காரணமாக்கிய அந்த அரசவைப் புலவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குழந்தை இருந்ததால் செம்பியன் மாதேவி தப்பினாள் என்பார்கள். வானவன் மாதேவிக்கும் குழந்தை இருந்ததே. இருவரும் அரசிகள், இருவருக்கும் செல்வம் உண்டு. ஆக, சாவது சோழர் வீட்டில் விதியாக இருக்கவில்லை. வாழ்ந்து காட்டியவள் கண்முன்னே இருக்கும்போதே இன்னொருத்தி எரிந்திருக்கிறாள்; புகழ்ப்பாட்டு எரிந்தவளுக்குக் கிடைத்தது.

செம்பியன் மாதேவியை நம் முன்னோடி என்று தூக்கிப் பிடிக்கவும் தயக்கம்தான். அவள் கொடுத்த நிலங்களில் நாற்று நட்ட பெண்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனாலும் கைம்பெண்ணைச் சுபகாரியத்தில் ஒதுக்கி நிறுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த வழக்கத்தைச் சாத்திரம் என்று சொல்பவர்களை அழைத்துப்போய்க் காட்ட, அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷனிலேயே ஒரு சுவர் இருக்கிறது. அதே ரயில் பாதையில் அரக்கோணம் பக்கம் போனால் திருவாலங்காடு.